சிரம்பானுக்குக் குடிபெயரலாமா? வீட்டு விலையில் மிஞ்சும் பணம் சாலையில் கரைகிறது

ஞாயிற்றுக்கிழமைகளில் சிரம்பான் 2, பண்டார் ஸ்ரீ செண்டாயான், நீலாய் பக்கம் உள்ள மாதிரி வீடுகளைப் பார்க்கப் போகும் குடும்பங்களில் பூச்சோங், கிள்ளான், காஜாங்கிலிருந்து வருகிற தமிழர்கள் குறைவில்லை. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், கூடவே வீட்டுப் பெரியவர் ஒருவர். கிள்ளான் பள்ளத்தாக்கில் அடுக்குமாடி வீடுகூட எட்டாத விலைக்கு இங்கே இரண்டு மாடித் தரை வீடு, முன்னால் கார் நிறுத்த இடம், துளசி மாடம் வைக்க ஒரு மூலை. விற்பனையாளர் மாதத் தவணையை ஒரு தாளில் எழுதிக் காட்டுவார். அந்தத் தாளில் எழுதப்படாத செலவுகள்தாம் அடுத்த 30 ஆண்டுகளுக்குக் குடும்பத்தோடு வரப்போகின்றன.

கணக்கை ஒரு முறை முழுமையாகப் போட்டுப் பார்ப்பது நல்லது. பூச்சோங்கில் 500,000 வெள்ளி வீடு, சிரம்பானில் 350,000 வெள்ளி வீடு என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் 90 விழுக்காடு கடன், வட்டி 4 விழுக்காடு, தவணைக் காலம் 35 ஆண்டு. பூச்சோங் வீட்டுக்கு மாதம் ஏறக்குறைய 1,990 வெள்ளி கட்ட வேண்டும். சிரம்பான் வீட்டுக்கு 1,395 வெள்ளி. வித்தியாசம் சுமார் 600 வெள்ளி. குடும்பங்களை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இழுப்பது இந்த 600 வெள்ளிதான்.

இப்போது வேலை கோலாலம்பூரிலேயே தொடர்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து வேலையிடத்துக்கு ஒரு வழி 65 கிலோமீட்டர். பிளஸ் நெடுஞ்சாலையில் காருக்கு டோல் கட்டணம் கிலோமீட்டருக்கு 11 காசுக்குச் சற்று அதிகம். சுங்கை பீசி வரை சுமார் 50 கிலோமீட்டர் என்றால் போக வர 11 வெள்ளி. மாதம் 22 நாளுக்கு 245 வெள்ளி. நூறு கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் சிறிய கார், புடி95 சலுகை விலை லிட்டருக்கு 1 வெள்ளி 99 காசு என்று பார்த்தாலும் பெட்ரோலுக்கு 400 வெள்ளி. ஆக 645 வெள்ளி. பூச்சோங்கில் இருந்தபோது 20 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெட்ரோலும் டோலும் சேர்த்து 200 வெள்ளி ஆகியிருக்கும். அதைக் கழித்தால் கூடுதல் செலவு 445 வெள்ளி. மிச்சம் என்று கையில் நிற்பது மாதம் 150 வெள்ளி.

அதுவும் நிற்குமா என்பது சந்தேகம். இந்த ஓட்டத்தில் கார் ஆண்டுக்கு 34,000 கிலோமீட்டர் ஓடும். முன்பு அது 10,500 கிலோமீட்டராக இருந்தது. எண்ணெய் மாற்றுவது, டயர், பிரேக், கடைசியில் கார் கடன் முடியுமுன்னே தேய்ந்துபோகும் காரையே மாற்றுவது என்று பார்த்தால் அந்த 150 வெள்ளிக்கு ஆயுள் இல்லை. கணவனும் மனைவியும் வேறு வேறு திசையில் வேலைக்குப் போகும் வீடு என்றால் இரண்டு கார்கள், இரண்டு டோல் கணக்கு. அந்த வீட்டுக்கு சிரம்பான் மலிவே இல்லை.

மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு நெடுஞ்சாலையில் டோல் இல்லை. பெட்ரோலும் குறைவு. அதனால்தான் பல இளைஞர்கள் அந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் இந்நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் பெரும்பான்மையினர் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். விடியற்காலை இருட்டிலும் மாலை மழையிலும் லாரிகளுக்கு நடுவே நாளுக்கு 130 கிலோமீட்டர் என்பது செலவுக் கணக்கு மட்டும் அல்ல.

நேரத்துக்கும் ஒரு விலை உண்டு. ஒரு வழிக்கு ஒரு மணி நேரம் கூடினால் மாதத்துக்கு 44 மணி. வேலைச் சட்டப்படி ஒரு வாரத்தின் முழு வேலை நேரமே 45 மணிதான். மாதம் ஒரு வாரம் சம்பளமில்லாமல் சாலையில் உழைப்பதற்குச் சமம் இது. ஓவர்டைம் செய்து குடும்பத்தை ஓட்டுகிறவருக்கு இன்னும் நேரடியான இழப்பு. இரவு 8 மணிக்கு மேல் வேலையில் நின்றால் வீட்டுக்கு வர 10 மணி ஆகும் என்று பயந்து ஓவர்டைமை விடுகிறவர்கள் உண்டு. கொமுட்டர் ரயில் டோல் செலவையும் அலைச்சலையும் குறைக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் சிரம்பானிலிருந்து கேஎல் சென்ட்ரல் வரவே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகிறது. வேலையிடம் ரயில் நிலையத்துக்கு அருகில் இருந்து, அலுவலக நேரத்தில் போய் வருகிறவருக்கு அது பொருந்தும். ஷிப்டு மாறி மாறி வருகிற பாதுகாவலருக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் பொருந்தாது.

வயது இன்னொரு கணக்கு. விளம்பரத்தில் வரும் 35 ஆண்டுத் தவணை 30 வயதுக்காரருக்கானது. பொதுவாக 70 வயதுக்குள் கடன் முடிய வேண்டும் என்று வங்கிகள் பார்ப்பதால் 45 வயதுக்காரருக்கு 25 ஆண்டுதான் கிடைக்கும். அதே 350,000 வெள்ளி வீட்டுக்குத் தவணை 1,395 வெள்ளியிலிருந்து 1,660 வெள்ளிக்கு ஏறிவிடும். அதிலும் 60 வயதில் ஓய்வு பெற்ற பிறகு 10 ஆண்டு கட்ட வேண்டியிருக்கும். பிள்ளையின் பெயரைக் கடனில் சேர்த்து இதைச் சமாளிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அந்தப் பிள்ளை நாளை திருமணம் செய்து தனக்கென ஒரு வீடு வாங்கப் போகும்போது, முதல் வீட்டுச் சலுகை கையில் இருக்காது.

இந்தச் சலுகை சிறியதல்ல. 350,000 வெள்ளி வீட்டின் பெயர் மாற்றத்துக்கு முத்திரை வரி முதல் 100,000 வெள்ளிக்கு 1 விழுக்காடு, மீதிக்கு 2 விழுக்காடு என 6,000 வெள்ளி. கடன் பத்திரத்துக்கு 0.5 விழுக்காடு என 1,575 வெள்ளி. மொத்தம் 7,575 வெள்ளி. முதல் வீடு வாங்கும் மலேசியருக்கு, 500,000 வெள்ளி வரையிலான வீட்டுக்கு இது முழுமையாக விலக்கப்படுகிறது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் இந்த விலக்கு 2027 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. ஆனால் பலரும் கவனிக்காத நிபந்தனை ஒன்று உண்டு. அப்பாவின் மலிவு விலை வீட்டில் அண்ணன் தம்பிகளோடு ஒரு பங்கு பெயரில் ஏறியிருந்தாலும் அது வீடு வைத்திருந்ததாகவே கொள்ளப்படும். வாரிசாக வந்ததா, அன்பளிப்பாக வந்ததா என்பது பொருட்டில்லை. வழக்கறிஞரிடம் கையெழுத்துப் போடும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். பழைய வீட்டை விற்றுவிட்டு மாறுகிறவர்களுக்கு மட்டும் இன்னொன்று: வாங்கி 5 ஆண்டு தாண்டிய வீட்டுக்குச் சொத்து ஆதாய வரி இல்லை. 3 ஆண்டுக்குள் விற்றால் ஆதாயத்தில் 30 விழுக்காடு. குடியிருந்த வீட்டுக்கு வாழ்நாளில் ஒரு முறை விலக்கு கேட்கலாம்.

ஆண்டுதோறும் வரும் வரிகளைப் பற்றித்தான் கடைத்தெருவில் அதிகம் பேசப்படுகிறது. சிரம்பானில் வரி குறைவு என்பார்கள். உண்மையில் இந்த முழுக் கணக்கில் மிகச் சிறிய தொகை அதுதான். வீட்டுக்காரர் இரண்டு இடத்தில் கட்ட வேண்டும். ஊராட்சி மன்றத்துக்கு மதிப்பீட்டு வரி, அதாவது சுக்காய் பிந்து; பிப்ரவரி கடைசிக்குள் பாதி, ஆகஸ்டு கடைசிக்குள் பாதி. நில அலுவலகத்துக்கு நில வரி, ஆண்டுக்கு ஒரு முறை. நில வரியைப் பல ஆண்டு கட்டாமல் விட்டால் அறிவிப்பு வந்து, கடைசியில் நிலமே அரசுக்குப் போய்விடலாம் என்பதால் தொகை சிறிதென்று அலட்சியம் கூடாது. அடுக்குமாடி வீடு என்றால் பராமரிப்புக் கட்டணமும், அதில் 10 விழுக்காடு சேமநிதியும் மாதாமாதம் உண்டு. பல இடங்களில் இரண்டு வரியையும் சேர்த்தாலும் இந்தக் கட்டணத்துக்கு ஈடாகாது.

மதிப்பீட்டு வரியில் பார்க்க வேண்டியது விழுக்காட்டை அல்ல, மதிப்பீடு எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதை. வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று மன்றம் கணிக்கும் தொகையின் மீது வரி போடப்படுகிறது. மாதம் 1,000 வெள்ளி வாடகை கிடைக்கும் என்றால் ஆண்டு மதிப்பு 12,000. அதற்கு 4 விழுக்காடு என்றால் 480 வெள்ளி. சட்டப்படி 5 ஆண்டுக்கு ஒரு முறை புதிய மதிப்பீடு செய்ய வேண்டும். பல மன்றங்கள் செய்வதில்லை. கோலாலம்பூரில் 1992க்குப் பிறகு 20 ஆண்டுக்கு மேல் தொடாமல் வைத்திருந்து 2013 இறுதியில் புதிய மதிப்பை அனுப்பியபோது பெரும் எதிர்ப்பு கிளம்பியது. அதன் பிறகு வீடுகளுக்கான விகிதம் 6 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. சிலாங்கூரிலும் பல மன்றங்கள் 2025இல் வரியைத் திருத்தின. உயர்வு 25 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்று மாநில அரசு வரம்பு வைத்தது. சிரம்பான், நீலாய் மன்றங்கள் 2020 ஜனவரி 1 முதல் சிரம்பான் மாநகர் மன்றம் என்று ஒன்றாக்கப்பட்டுள்ளன. பழைய மதிப்பீட்டில் ஓடும் தாமான் வீட்டுக்காரர் காட்டும் ரசீதை நம்பி, பக்கத்தில் எழும் புதிய தாமானில் வரி இவ்வளவுதான் என்று எண்ணிவிடக் கூடாது. மதிப்பீடு அதிகம் என்று பட்டால், அறிவிப்பில் குறித்த திருத்த நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்பே எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்காமலே அலமாரிக்கு மேல் போட்டு வைப்பது நம் வீடுகளின் பழக்கம்.

வரியைவிடப் பெரிய ஆபத்து நிலத்தின் தன்மையில் இருக்கிறது. நெகிரி செம்பிலானில் இது சற்றுச் சிக்கலானது. பல இடங்களில் மலாய் ஒதுக்கீட்டு நிலம் உண்டு. ரெம்பாவ், கோலப்பிலா, ஜெலுபு, தம்பின் மாவட்டங்களில் அடாட் எனப்படும் மரபுச் சட்டத்தின் கீழ் வரும் நிலங்களும் உண்டு. இவற்றை மற்றவர் பெயருக்கு மாற்ற முடியாது. தரகர் என்ன சொன்னாலும், எவ்வளவு மலிவு என்றாலும், பணம் கொடுத்து எழுதிக்கொண்ட தாளுக்கு மதிப்பில்லை. சமூக ஊடகங்களில் "நிலம் 50,000 வெள்ளிக்கு" என்று வரும் விளம்பரங்களில் இன்னொரு வகை, விவசாய நிலத்தைப் பல பேருக்குப் பங்குபோட்டு விற்பது. பத்திரத்தில் எல்லார் பெயரும் ஒன்றாக இருக்கும். எந்த மூலை யாருடையது என்று இருக்காது. அங்கே வீடு கட்டுவதற்கு நிலத்தின் வகையை மாற்ற அனுமதி வேண்டும், பங்காளிகள் எல்லாரும் சம்மதிக்க வேண்டும். ஓய்வுக் காலத்தில் கோழி வளர்த்து, வாழை வைத்து இருக்கலாம் என்று இபிஎப் பணத்தை இப்படிப் போட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் அலைகிறார்கள். நில அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டி அதிகாரப்பூர்வத் தேடல் செய்தால் நிலத்தின் வகை, தடைகள், குத்தகை முடியும் ஆண்டு எல்லாம் ஒரே தாளில் வந்துவிடும். முன்பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

புதிய தாமானில் கட்டி முடிக்காத வீட்டை வாங்குகிறவர்கள் வீடமைப்பு அமைச்சின் தெடுஹ் தளத்தில் மேம்பாட்டாளரின் உரிமத்தையும், அவர் கட்டும் மற்றத் திட்டங்கள் தாமதமாகவோ கைவிடப்பட்டோ இருக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ளலாம். சட்டப்படி தரை வீட்டை 24 மாதத்திலும் அடுக்குமாடி வீட்டை 36 மாதத்திலும் ஒப்படைக்க வேண்டும். தாமதமானால் ஆண்டுக்கு வாங்கிய விலையில் 10 விழுக்காடு என்ற கணக்கில் இழப்பீடு உண்டு. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே வீடு வாங்குவோர் தீர்ப்பாயத்துக்குக் கொண்டு போகலாம். ஆனால் மேம்பாட்டாளரே கடனில் மூழ்கிவிட்டால் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் வசூலிப்பது? வாடகையும் கட்டி, கட்டி முடியாத வீட்டுக்கு வங்கி வட்டியும் கட்டுகிற குடும்பத்தின் நிலையை அந்த 10 விழுக்காடு சரிசெய்துவிடாது.

வெள்ளம் என்றால் 2021 டிசம்பர் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கீழ்த்தளம் முழுதும் மூழ்கியது. அவ்வாண்டு வெள்ளத்தால் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவர இலாகா கணக்கிட்டது. சிரம்பானிலும் ஆற்றோரத் தாழ்வான இடங்களில் திடீர் வெள்ளம் வந்திருக்கிறது. புதிய தாமானில் அபாயத்தை விலைப் பட்டியல் சொல்லாது. அந்தப் பக்கத்தில் 20 ஆண்டு மளிகைக் கடை வைத்திருப்பவர் சொல்வார். வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் இன்ஃபோ பஞ்சிர் தளத்தில் அருகிலுள்ள ஆற்றின் நீர்மட்டத்தைப் பார்க்கலாம்.

காப்புறுதி பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வங்கிக் கடனோடு எடுத்த அடிப்படைத் தீக் காப்புறுதி வெள்ளத்தையும் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். வெள்ளத்தைத் தனியாகச் சேர்க்காவிட்டால் அது அடங்காது. சேர்த்தாலும் அந்தப் பத்திரம் கட்டடத்துக்கானது. கட்டில், குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரத்துக்கு வேறு பத்திரம் வேண்டும். கார் காப்புறுதியிலும் இதே கதைதான். 2025 ஏப்ரல் 1ஆம் தேதி, ஹரி ராயா இரண்டாம் நாள், புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்து எரிந்த பிறகு இன்னொரு கேள்வியும் சேர்ந்துள்ளது: வீட்டுக்குப் பின்னால் எது போகிறது? எரிவாயுக் குழாய், உயர் அழுத்த மின்கம்பி, நாளை நெடுஞ்சாலை வரப்போகும் ஒதுக்கீட்டு நிலம் ஆகியவற்றைப் பற்றி மாவட்ட மேம்பாட்டுத் திட்ட வரைபடத்தைப் பார்த்து மன்றத்தின் நகரத் திட்டப் பிரிவில் கேட்கலாம்.

அப்படியானால் சிரம்பான் யாருக்குப் பொருந்தும்? வேலையும் கூடவே மாறுகிறவர்களுக்கு நன்றாகப் பொருந்தும். செனாவாங், நீலாய் தொழிற்பேட்டைகளில் வேலை கிடைத்தவர்கள், கேஎல்ஐஏ விமான நிலையத்தில் வேலை செய்கிறவர்கள், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கோலாலம்பூர் போனால் போதும் என்ற நிலையில் உள்ளவர்கள் ஆகியோருக்கு அந்த 600 வெள்ளி கையிலேயே நிற்கும். சம்பளம் சற்றுக் குறைந்தாலும்கூட, டோலும் பெட்ரோலும் இல்லாத 2,500 வெள்ளி, அவை இரண்டும் உள்ள 2,900 வெள்ளிக்கு மேல். வேலை மாறாமல் வீடு மட்டும் மாறினால்தான் கணக்கு கவிழ்கிறது.

சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இருப்பவர்களின் கணக்கு முற்றிலும் வேறு. 60 வயதில் தோட்ட வீட்டைக் காலி செய்ய வேண்டிய நாள் வந்துகொண்டிருக்கிறது. அவர்களுக்குப் பக்கத்து நகரத்தில் சொந்த வீடு என்பது முதலீடு அல்ல, கூரை. சம்பளம் 1,700 வெள்ளிக் குறைந்தபட்சத்தை ஒட்டியே இருப்பதால் 350,000 வெள்ளி வீட்டை வங்கி பார்க்கவே பார்க்காது. இபிஎப்பும் முன்புபோல் உதவாது. முன்பு சந்தாவில் 30 விழுக்காடு வீட்டுக்கு எடுக்கக்கூடிய இரண்டாம் கணக்குக்குப் போனது. 2024 மே மாதத்திலிருந்து சிஜாத்ரா கணக்குக்குப் போவது 15 விழுக்காடு. வீட்டுக்கு முன்பணம் சேர இரண்டு மடங்கு காலம் ஆகும். 50 வயதில் யோசிக்கத் தொடங்கினால் மலிவு விலை வீட்டுக்கான மாநிலப் பதிவுதான் ஒரே வழியாக மிஞ்சுகிறது. 35 வயதில் தொடங்கினால் சிறிய பழைய தரை வீடு ஒன்றுக்கு இடமிருக்கிறது.

பள்ளி விஷயத்தையும் வீடு பார்க்கும்போதே பார்த்துவிட வேண்டும். தமிழ்ப்பள்ளிகள் பல, தோட்டங்கள் இருந்த இடத்திலேயே நிற்கின்றன. தாமான்கள் வேறு பக்கம் வளர்கின்றன. வரைபடத்தில் 6 கிலோமீட்டர் என்பது வேன்காரரின் வழியில் ஒரு மணி நேரமாகலாம். தந்தை காலை 5.30க்கு டோலைத் தாண்டியிருப்பார். தாய் 6 மணிக்கு ரயிலுக்குக் கிளம்பியிருப்பார். வேன் 6.15க்கு வரும்போது பிள்ளையைக் கைப்பிடித்து ஏற்றிவிட வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதற்கு, கண்காட்சிக் கூடத்துக்கு உடன் வந்த அந்தப் பெரியவர்தான் பல வீடுகளில் பதில். அவர் தன் பழைய தாமானையும் கோயிலையும் கூட்டாளிகளையும் விட்டு வரச் சம்மதமா என்று யாரும் இன்னும் கேட்டிருக்க மாட்டார்கள்.